வெல்டு பழுதானால் முதலில் எதைப் பார்ப்பது? அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

விரிசல் தெரிந்ததும் கை தானாகக் கிரைண்டருக்குப் போகும். தோண்டு, டிபி (விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சாயம்) அடி, சிவப்புக் கோடு மறைந்ததா, சரி, அதே ராடு, அதே ஆள், அடைத்துவிடு. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒரு சாண் தள்ளி இன்னொரு கோடு. ஒரு ஷட்டவுனில் ஒரே நாசிலை (கலனில் குழாய் சேரும் கழுத்து) இப்படி நான்கு முறை தோண்டினோம். நான்காம் முறை பள்ளம் பிளேட்டின் பாதிக் கனத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு முறையும் கோடு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் இரண்டாம் முறையே விஷயம் புரிந்திருக்கும்.

தோண்டும்போது விரிசலோடு தடயமும் பொடியாகிப் பறந்துவிடும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் மூன்று கேள்விகளுக்கு முதலில் பதில் எழுதிக்கொள்ளுங்கள். எப்போது தெரிந்தது? வெல்டுக்குள் எங்கே இருக்கிறது? எந்தத் திசையில் ஓடுகிறது? பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுங்கள். இரண்டு முனையையும் சாக்பீஸால் குறியுங்கள். கார்பன் எஃகாக இருந்தால் அந்த இடத்தை எமரி தாளால் நன்றாகத் தேய்த்து, 2 சதவீத நைட்டலை (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) பஞ்சில் தொட்டுத் தடவுங்கள். சில நொடிகளில் வெல்டு ஒரு நிறத்திலும், அதை ஒட்டி உருகாமல் வெப்பத்தால் மட்டும் மாறிய ஓரப்பட்டை வேறு நிறத்திலும் பிரிந்து தெரியும். அந்தப் பட்டையைத்தான் ஹேஸ் என்கிறோம். கோடு வெல்டுக்குள் ஓடுகிறதா, ஹேஸில் ஓடுகிறதா என்பது பாதி நோயைச் சொல்லிவிடும். கால் மணி நேர வேலை இது.

நேற்று சுத்தமாக இருந்தது, இன்று ஓரத்தில் கோடு

வெல்டின் விளிம்பிலோ, அடிப்பகுதியான ரூட்டிலோ, வெல்டுக்கு இணையாக, ஹேஸுக்குள் ஓடும் விரிசல். வேலை முடிந்து சில மணி நேரமோ, இரண்டு மூன்று நாளோ கழித்துத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், ஹைட்ரஜன் விரிசல். உருகிய இரும்பு ஹைட்ரஜனை நிறையக் கரைத்துக்கொள்ளும். ஆறிய இரும்பால் அவ்வளவு தாங்க முடியாது. வெளியேற வழி தேடி அலையும் அணுக்கள் கடினமான, இழுவிசையில் இருக்கும் இடத்தில் போய்ச் சேரும். இதற்கு நேரம் பிடிக்கும். கோடு தாமதமாக வருவது அதனால்தான்.

இந்த விரிசலுக்கு மூன்று சேர வேண்டும்: ஹைட்ரஜன், கடினமான உள்ளமைப்பு, இழுவிசை. கூடவே வெப்பம் சுமார் 150 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் விரிசல் வராது. இழுவிசையை முழுதாக எடுக்க முடியாது என்பதால் மற்ற இரண்டில்தான் கை வைக்க முடியும்.

ராடிலிருந்து தொடங்குங்கள். ஆவணத்தைப் பார்க்காதீர்கள், அடுப்பைப் போய்ப் பாருங்கள். ராடுகளை மொத்தமாகச் சூடாக வைக்கும் மதர் ஓவனின் மீட்டர் 120 டிகிரி காட்டும். கதவைத் திறந்து கை வைத்தால் வெதுவெதுப்புகூட இருக்காது, ஹீட்டர் என்றைக்கோ டிரிப் ஆகியிருக்கும். வெல்டரின் போர்ட்டபிள் ஓவனில் பிளக் செருகியிருக்கிறதா, மூடி மூடியிருக்கிறதா? பெரும்பாலும் ராடு ஓவனுக்குள் இருக்காது; குழாயின் மேல் ஒரு கைப்பிடி, அவர் சட்டைப் பையில் இரண்டு. 7018 போன்ற தாழ் ஹைட்ரஜன் ராடின் பூச்சு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அது கண்ணுக்குத் தெரியாது, ஆர்க் சத்தத்திலும் பெரிதாக மாறாது. ஈரம் பட்டதை 350 டிகிரியை ஒட்டி ஒன்றிரண்டு மணி நேரம் சுட வேண்டும். சரியான எண் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும், அதுதான் கணக்கு. பல விதிகளில் ஒரு முறைக்கு மேல் மறுபடி சுட அனுமதி இல்லை. அப்புறம், அக்கறை மிகுதியில் 6010 ராடையும் அதே அடுப்பில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செல்லுலோஸ் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் ஆர்க்கே சரியாக ஓடும். சுட்டால் ராடு வீண்.

அடுத்தது எஃகு. மில் சான்றிதழை எடுத்துக் கார்பன் சமானத்தைக் கணக்கிடுங்கள். கார்பனோடு, மாங்கனீஸை 6 ஆல் வகுத்தும், குரோமியம், மாலிப்டினம், வனேடியம் மூன்றின் கூட்டை 5 ஆல் வகுத்தும், நிக்கல், தாமிரத்தின் கூட்டை 15 ஆல் வகுத்தும் கூட்ட வேண்டும். ஒரு பிளேட்டில் கார்பன் 0.22, மாங்கனீஸ் 1.20, குரோமியம் 0.10, மாலிப்டினம் 0.05, நிக்கல் 0.15, தாமிரம் 0.15 என்று வைத்துக்கொள்வோம். 0.22, அதோடு 0.20, 0.03, 0.02. மொத்தம் 0.47. சுமார் 0.40 வரை பெரிய கவலை இல்லை. 0.45ஐத் தாண்டினால் ப்ரீஹீட் (வெல்டுக்கு முன் பிளேட்டைச் சூடேற்றுவது) இல்லாமல் தொடவே கூடாது. அதே 0.47, குறைந்த ப்ரீஹீட்டோடு 10 மி.மீ. பிளேட்டில் சமாளித்துக்கொள்ளும், 40 மி.மீ. பிளேட்டில் சமாளிக்காது. தடித்த பிளேட் நாலாப்பக்கமும் வெப்பத்தை இழுத்து வெல்டைத் தண்ணீரில் முக்கிய மாதிரி ஆற்றிவிடும்.

ப்ரீஹீட் கொடுத்தோம் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கே அளந்தார்கள் என்று கேளுங்கள். டார்ச் நெருப்பு பட்ட இடத்திலேயே டெம்ப் ஸ்டிக்கை (குறித்த சூட்டில் உருகும் குச்சி) வைத்துத் தேய்த்தால் உருகத்தான் செய்யும். தடித்த பிளேட்டில் விளிம்பிலிருந்து 75 மி.மீ. தள்ளி, முடிந்தால் நெருப்பு காட்டிய பக்கத்துக்கு மறுபக்கம் அளக்க வேண்டும். ஒரு பக்கமே அணுக முடியும் என்றால் டார்ச்சை எடுத்துவிட்டு வெப்பம் கனத்துக்குள் பரவ நேரம் கொடுத்து அளக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கோடு வந்தால் டேக் வெல்டை (துண்டுகளை இடத்தில் பிடித்துவைக்கப் போடும் சின்ன வெல்டு) பாருங்கள். மெயின் வெல்டுக்கு 120 டிகிரி ப்ரீஹீட் கொடுத்த அதே குழு, டேக்கைச் சூடேற்றாத பச்சைப் பிளேட்டில் போட்டிருக்கும். சின்ன வெல்டு, சின்ன வெப்பம், அசுர வேகத்தில் ஆறும். உள்ளே கடினமான ஹேஸ். அது அப்போதே விரிந்து, மேலே அடுத்த பாஸ் (வெல்டு அடுக்கு) ஓடியதும் புதைந்துவிடும். துண்டுகளை நேர்ப்படுத்த ஒட்டவைத்துச் சுத்தியலால் தட்டி எடுத்த கிளீட் துண்டுகள் இருந்த இடங்களும், ஆர்க் தவறிப் பட்ட சின்னச் சின்னப் புள்ளிகளும் இதே கதைதான்.

சரி செய்யும் முறை: முதலில் விரிசலின் முனைகளை எம்.பி.ஐ. (காந்தப் பொடி ஆய்வு) வைத்துக் கண்டுபிடித்து, இரு பக்கமும் கொஞ்சம் தாண்டித் தோண்டுங்கள். தோண்டிய பள்ளத்தை மறுபடி எம்.பி.ஐ. பார்க்காமல் ராடு வைக்க வேண்டாம். ஆர்க் கவுஜிங் (கார்பன் கம்பியின் ஆர்க்கால் உருக்கித் தோண்டுவது) செய்தால் அதற்கும் ப்ரீஹீட் உண்டு. கவுஜ் செய்த மேற்பரப்பில் கார்பன் ஏறிய கடினமான தோல் இருக்கும், அதைக் கிரைண்ட் செய்து எடுக்க வேண்டும். பழுதுபார்க்கும் வெல்டு குறுகிய இடத்தில் இறுகிக் கிடப்பது, இழுவிசை அதிகம். அதனால் முதல் முறை கொடுத்ததைவிட 50 டிகிரி கூடுதல் ப்ரீஹீட் வைப்பது என் வழக்கம். பாதியில் சாப்பாட்டுக்குப் போகும்போது சூட்டை விடக் கூடாது. முடித்ததும் ஆறவிடாமல் 250 முதல் 300 டிகிரிக்கு ஏற்றி, குறைந்தது ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து, கம்பளி போர்த்தி மெதுவாக ஆறவிடுங்கள். ஹைட்ரஜன் வெளியேறப் போதுமான சூடு அது.

கடைசி ஆய்வை எப்போது வைப்பது? ஏ514 போன்ற உயர் வலிமை எஃகுக்கு வெல்டு முடிந்து 48 மணி நேரம் ஆன பிறகுதான் ஆய்வு என்று ஏ.டபிள்யூ.எஸ். (அமெரிக்க வெல்டிங் சங்கம்) கட்டமைப்பு விதியே சொல்கிறது. விதி கட்டாயப்படுத்தாத இடத்திலும், கனமும் கார்பன் சமானமும் அதிகமென்றால் இரண்டு நாள் பொறுங்கள். மாலையில் முடித்து மாலையிலேயே எடுத்த எக்ஸ்ரே ஃபிலிம் சுத்தமாக இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ராடை எடுத்த கையோடு நடுவில் கோடு

இது நேர் எதிர். வெல்டு இன்னும் சிவந்திருக்கும்போதே, சரியாக நடுக்கோட்டில், நீளவாக்கில் வாய் பிளக்கும். உடைத்துப் பார்த்தால் விரிசலின் முகம் நீலம் பாரித்திருக்கும். சூடாக இருந்தபோதே காற்று உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். ப்ரீஹீட்டைக் கூட்டினால் இது போகாது, சில சமயம் மோசமாகும். ஹைட்ரஜன் விரிசலோடு இதைக் குழப்பிக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

உலோகம் இரு பக்கமிருந்தும் உறைந்து வந்து நடுவில் சந்திக்கிறது. கந்தகம், பாஸ்பரஸ் போன்ற அழுக்கெல்லாம் கடைசித் துளித் திரவத்துக்குள் தள்ளப்பட்டு நடுவில் சேர்கிறது. இரும்பும் இரும்பு சல்பைடும் சேர்ந்த கலவை 988 டிகிரி வரை திரவமாகவே இருக்கும். சுற்றிலும் உறைந்து சுருங்கி இழுக்க, நடுவில் ஒரு ஈரப்படலம். கிழியாமல் என்ன செய்யும்? நிக்கலில் நிலைமை இன்னும் மோசம், நிக்கல் சல்பைடுக் கலவை 650 டிகிரிக்கும் கீழே வரை உருகியே கிடக்கும். அதனால் நிக்கல் கலவைகளில் கட்டிங் ஆயில், கிரீஸ், மார்க்கர் பேனா மை எதுவும் விளிம்பில் இருக்கக் கூடாது. துடைக்கும்போது குளோரின் கலந்த கரைப்பானை எடுக்காதீர்கள். ஆர்க்கின் ஒளியும் சூடும் பட்டால் அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும்.

முதலில் வெல்டின் வடிவத்தைப் பாருங்கள். அகலத்தைவிட ஆழம் அதிகமா? குறுகிய வி பள்ளத்தில் அதிக ஆம்பியரில் ஓட்டினால் அப்படித்தான் வரும். பள்ளத்தை விரித்து, ஆம்பியரைக் குறைத்தால் பல நேரம் அத்தோடு தீர்ந்துவிடும். மேல்முகம் குழிந்திருந்தாலும் கிழியும். வேகத்தைக் குறைத்து லேசாக மேடாக வையுங்கள். அப்புறம் எஃகு. கடைசலில் சுலபமாக வெட்டுப்பட வேண்டும் என்று கந்தகம் சேர்த்த வகைகள் உண்டு. 303 ஸ்டெயின்லெஸில் கந்தகம் குறைந்தது 0.15 சதவீதம். யாரோ கடைந்து கொடுத்த ஒரு ஃபிட்டிங் 303 ஆக இருந்தால் எந்த வெல்டராலும் அதைக் காப்பாற்ற முடியாது. மாற்றுங்கள்.

ஸ்டெயின்லெஸில் 308எல், 316எல் வகை வெல்டு கிழிந்தால் ஃபெரைட்டை (காந்தத்தில் ஒட்டும் உள்ளமைப்பு) அளந்து பாருங்கள். ஃபெரைட் எண் 3க்குக் கீழே இருந்தால் காரணம் அதுதான். அந்தக் கொஞ்ச ஃபெரைட்தான் கந்தகத்தையும் பாஸ்பரஸையும் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்கிறது. 310, நிக்கல் கலவைகள் ஆகியவற்றில் ஃபெரைட் வரவே வராது. அங்கே சின்ன பீடு (ஒரே ஓட்டத்தில் போடும் வெல்டு வரி), குறைந்த வெப்பம், சுத்தம் இவைதான் மருந்து.

பீடு முடியும் இடத்தில் மட்டும் நட்சத்திரம் போல விரிசல் என்றால் அது கிரேட்டர் விரிசல். ராடைச் சட்டென்று பிடுங்காமல் ஒரு நொடி நின்று, குழியை நிரப்பி, பின்னோக்கி இழுத்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஸ்டெயின்லெஸில் விரிசல் வெல்டில் இல்லாமல் பக்கத்துப் பிளேட்டில் கிளை கிளையாக ஓடினால், அந்த இடத்தில் முன்பு கால்வனைஸ்டு ஏதாவது உரசியதா, துத்தநாகப் பெயிண்ட் சிந்தியதா என்று விசாரியுங்கள். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும். சூடான ஆஸ்டெனைட்டின் (இவ்வகை ஸ்டெயின்லெஸின் உள்ளமைப்பு) மணி எல்லைகளுக்குள், அதாவது நுண் படிகங்கள் சேரும் இடங்களுக்குள், புகுந்து அறுத்துவிடும்.

டி ஜாயிண்டில் பிளேட்டுக்குள்ளேயே படிக்கட்டுப் போல

வெல்டும் நன்று, ஹேஸும் நன்று. ஆனால் அதற்கு அடியில், பிளேட்டின் கனத்துக்குள், மேற்பரப்புக்கு இணையாகப் படி படியாகக் கிழிசல். இது லாமெல்லர் டேரிங். உருட்டும்போது தட்டையாகிப்போன சல்பைடு அடுக்குகளைக் கனத்தின் திசையில் இழுத்தால் பழைய புத்தகம் போலப் பிரியும். வெல்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கனத்தின் திசையில் சோதித்த இசட்25, இசட்35 தரப் பிளேட்டைக் கேட்டு வாங்குவதும், இழுவிசை அந்தத் திசையில் விழாதபடி ஜாயிண்டை மாற்றுவதும்தான் வழி. பழுதுபார்ப்பு என்றால் கிழிந்த அடுக்குகளைத் தோண்டி, பள்ளத்தின் முகத்தில் மென்மையான உலோகத்தை முதலில் பூசி, பிறகு இணைக்கலாம்.

சின்ன ஃபில்லட் (மூலை வெல்டு) தானே என்று இதை அலட்சியம் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது வடகடலில் 27 மார்ச் 1980 அன்று கவிழ்ந்த அலெக்சாண்டர் கீலண்ட் என்ற எண்ணெய் வயல் மிதவை மேடையை. 123 பேர் இறந்தார்கள். விரிசல் தொடங்கியது ஒரு தாங்குகுழாயில் ஒலிக்கருவியைப் பொருத்துவதற்காகப் போட்ட 6 மி.மீ. ஃபில்லட் வெல்டில். அந்தக் கருவித் தாங்கியில் லாமெல்லர் கிழிசலும் இருந்தது. உடைந்த முகத்தில் பெயிண்ட் இருந்ததை விசாரணையில் பார்த்தார்கள். அதாவது பெயிண்ட் அடிக்கும்போதே விரிசல் அங்கே இருந்திருக்கிறது.

ப்ளோ ஹோல்

காரணம் பெரும்பாலும் சாதாரணமானது, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். பீடு தொடங்கும் இடத்தில் மட்டும் என்றால் 7018 ஆர்க்கை நீளமாகத் தொடங்குகிறார். ஆர்க்கைக் கொஞ்சம் முன்னால் தொடங்கிப் பின்னால் வந்து அதன் மேலேயே ஓட்டச் சொல்லுங்கள். நீளம் முழுக்க என்றால் ஈரம், துரு, பெயிண்ட், கால்வனைஸ். வாயுக் கவசத்தில் ஓடும் டிக், மிக் வெல்டில் என்றால் காற்று வீசுகிறதா, ஹோஸ் கசிகிறதா, நாசில் ஸ்பாட்டரால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். துளை வந்ததும் ஆர்கானைக் கூட்டுவது ஒரு கெட்ட பழக்கம். நிமிடத்துக்கு 8 முதல் 15 லிட்டர் போதும் என்ற இடத்தில் 25 வைத்தால் வாயு சுழன்று வெளிக்காற்றையும் சேர்த்து இழுத்து வந்துவிடும்.

ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்கிறது

துரு எங்கே, எந்த வடிவில் என்று பார்ப்பதற்கு முன் யாரும் "மெட்டீரியல் டூப்ளிகேட்" என்று சொல்ல அனுமதிக்காதீர்கள். மூன்று வடிவங்கள் உண்டு.

வெல்டிலிருந்து தள்ளியும், கிரைண்ட் செய்த இடங்களிலும், சங்கிலி உரசிய இடங்களிலும் புள்ளி புள்ளியாகச் செம்பழுப்பு. இது வெளியிலிருந்து ஒட்டிய இரும்பு. கார்பன் எஃகைத் தேய்த்த அதே டிஸ்க், அதே வயர் பிரஷ், பக்கத்தில் கார்பன் எஃகு கிரைண்ட் செய்தபோது தெறித்த பொறி. சந்தேகமென்றால் அமிலம் சேர்த்த காப்பர் சல்பேட் கரைசலைத் தடவி 6 நிமிடம் ஈரமாக வைத்திருங்கள், இரும்பு இருந்தால் செம்பு படியும். அமிலத்தால் ஊறுகழுவல் (பிக்ளிங்) செய்தால் போய்விடும். பிக்ளிங் பேஸ்ட்டில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கிறது, தோலில் பட்டால் வலி தெரிவதற்கு முன்பே உள்ளே இறங்கிவிடும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்தில் இல்லாமல் டப்பாவைத் திறக்கக் கூடாது.

இரண்டாவது, வெல்டின் மேலும் அதை ஒட்டிய நிறப்பட்டையிலும் துரு. வைக்கோல் நிறம் பெரும்பாலும் பரவாயில்லை. நீலம், சாம்பல், கறுப்பு என்றால் அந்த ஆக்சைடுக்கு அடியில் குரோமியம் குறைந்துபோயிருக்கிறது. குழாயின் உட்புறம் இது இன்னும் முக்கியம். பர்ஜிங்கின்போது (குழாய்க்குள் ஆர்கான் விட்டுக் காற்றை விரட்டும்போது) உள்ளே ஆக்சிஜன் 50 பி.பி.எம்.க்குக் கீழே இறங்கியதா என்று மீட்டரில் பார்த்தார்களா, அல்லது "பத்து நிமிஷம் ஆர்கான் விட்டோம் சார்" என்ற கணக்கா? ஆர்கான் காற்றைவிடக் கனமானது. கீழே விட்டு மேலே காற்று போக வழி வைக்க வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டு மணிக்கணக்கில் சிலிண்டரைக் காலி செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரூட்டில் கறுத்த மணல் மணலாக இருந்தால் பிக்ளிங் போதாது, வெட்டி எடுக்க வேண்டும்.

மூன்றாவது, வெல்டிலிருந்து சில மி.மீ. தள்ளி, இரு பக்கமும் கோடு போட்டது போல இணையான அரிப்பு. ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் மாதங்கள் கழித்துத்தான் இது வெளிப்படும். சென்சிடைசேஷன். சுமார் 425 முதல் 850 டிகிரிக்குள் நேரம் போனால் கார்பன், மணி எல்லையில் இருக்கும் குரோமியத்தைக் கார்பைடாகப் பிடித்துக்கொள்ளும். எல்லையோரம் ஸ்டெயின்லெஸாக இருப்பதை நிறுத்திவிடும். 304எல்லில் கார்பன் 0.03 சதவீதத்துக்குள் இருப்பதால் வெல்டிங்கின் குறுகிய நேரத்தில் இது நடக்காது. சாதா 304இல், அதுவும் தடித்த பிளேட்டில் பல பாஸ் போட்டால் நடக்கும்.

இங்கேதான் ஒரு பொறி. "பி.எம்.ஐ. பண்ணி 304எல் என்று உறுதி செய்துவிட்டோம்" என்று ரிப்போர்ட் வரும் (பி.எம்.ஐ. என்பது உலோகக் கலவையைக் கருவியால் சரிபார்ப்பது). எந்தக் கருவியில் என்று கேளுங்கள். கையடக்க எக்ஸ்ரே ஃப்ளோரசன்ஸ் கருவிக்குக் கார்பன் தெரியவே தெரியாது. குரோமியம், நிக்கல், மாலிப்டினம் பார்த்து 304 குடும்பம் என்று சொல்லும், திரையில் 304எல் என்றும் எழுதும். 0.03 கார்பனா 0.07 கார்பனா என்று அறிய தீப்பொறி நிறமாலைக் கருவியோ, கார்பன் அளக்கும் லேசர் கருவியோ வேண்டும். துரு மூன்றாவது வகை என்றால் பிக்ளிங்கால் ஒன்றும் ஆகாது. அந்தத் துண்டை எல் தரத்துக்கு மாற்ற வேண்டும்.

கடினத் தன்மை எண் ஒத்துவரவில்லை

கருவியை நம்புவதற்கு முன் மேற்பரப்பை நம்ப முடியுமா என்று பாருங்கள். வெப்பச் சிகிச்சைக்குப் பிறகு மேல்தோலில் கார்பன் குறைந்திருக்கும், எண் தாழ்வாக வரும். அரை மி.மீ. கிரைண்ட் செய்து மறுபடி எடுங்கள். எண் ஏறினால், இன்னும் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள், நிலைக்கும் வரை. குதித்துத் திரும்பும் வகைக் கருவி மெல்லிய குழாயில் பொய் சொல்லும், குழாயே அதிர்ந்து ஆற்றலை வாங்கிக்கொள்ளும்.

எண் நிஜம்தான் என்று தெரிந்த பிறகு எஃகைப் பொறுத்துப் பிரியுங்கள். சாதாக் கார்பன் எஃகு, ஈரமான ஹைட்ரஜன் சல்பைடு உள்ள இடம் என்றால் வெல்டு உலோகத்துக்கு 200 பிரினெல், ஹேஸுக்குச் சுமார் 250 விக்கர்ஸ் (இரண்டும் கடினத் தன்மை அளவுகள்) என்பவை வழக்கமான வரம்புகள். தாண்டினால் வெளியிலிருந்து ஹைட்ரஜன் வந்து விரிசல் போடும், ராடு எவ்வளவு காய்ந்ததாக இருந்தாலும் சரி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ரோமியோவில்லில் 23 ஜூலை 1984 அன்று ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வாயுவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடை நீக்கும் அமீன் கோபுரம் உடைந்து 17 பேர் இறந்தார்கள். பத்து வருடம் முன்பு, 1974இல், அதே இடத்தில் நிறுத்திவைத்து ஒரு வளையத்தை மாற்றி வெல்டு செய்திருந்தார்கள். வெப்பச் சிகிச்சை செய்யவில்லை. அந்த வெல்டின் கடினமான ஹேஸில்தான் விரிசல்கள் தொடங்கின. அளந்திருந்தால் தெரிந்திருக்கும் எண் அது.

பி91 என்ற உயர்வெப்பக் குழாய் எஃகு தனி ரகம். 9 சதவீதக் குரோமியம், வெல்டு ஆறியதும் முழுக்க மார்ட்டென்சைட் (கடினமான, நொறுங்கும் உள்ளமைப்பு). வெப்பச் சிகிச்சைக்குப் பிறகு தாய் உலோகம் 190 முதல் 250 பிரினெல்லுக்குள் இருக்க வேண்டும். சிகிச்சை முடிந்தும் வெல்டு 350 காட்டினால் வழக்கமாக எல்லோரும் "சூடு பத்தலை, இன்னொரு முறை ஏற்று" என்பார்கள். பொறுங்கள். மூன்று காரணங்கள் இருக்கலாம். தெர்மோகப்புள் (சூட்டை அளக்கும் கம்பி) கழன்று நிஜமாகவே சூடு ஏறாமல் இருக்கலாம். அல்லது வெல்டு முடிந்ததும் 200 டிகிரி ப்ரீஹீட்டிலிருந்து நேரே சிகிச்சைக்கு ஏற்றியிருக்கலாம். 100 டிகிரிக்குக் கீழே ஆறவிடாததால் உள்ளே ஆஸ்டெனைட் மிச்சம் நின்று, சிகிச்சைக்குப் பிறகு ஆறும்போது பதப்படாத மார்ட்டென்சைட்டாக மாறியிருக்கும். மூன்றாவது, சூடு கூடிப்போய் உருமாற்ற வெப்பநிலையைத் தாண்டியிருக்கலாம். ஃபில்லரில் (வெல்டுக்கு ஊட்டும் உலோகம்) நிக்கலும் மாங்கனீஸும் அதிகமானால் அந்த வெப்பநிலை கீழே இறங்கிவிடும். 780 டிகிரிகூட ஆபத்து. முதல் இரண்டுக்கும் மறுபடி 750, 760 டிகிரியில் சரியாகப் பதப்படுத்தினால் போதும். மூன்றாவதில் பக்கத்துத் தாய்க் குழாய் அளவுக்கு மீறி மென்மையாகியிருக்கும். அங்கே 170, 175 வந்தால் அந்த இடத்தில் மட்டும் கொடுக்கும் எந்தச் சூட்டாலும் பழைய வலிமை திரும்பாது, துண்டை வெட்டி மாற்ற வேண்டும். ஆகவே வெப்பப் பதிவுச் சார்ட்டை வாங்கி, ஆறவிட்ட நேரம் அதில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பல சார்ட்டுகள் 300 டிகிரியில்தான் தொடங்கும், அதற்கு முன் நடந்தது தெரியாது. இன்னொன்று: சிகிச்சைக்குக் காத்திருக்கும் பி91 வெல்டை மழையில் நனைய விடாதீர்கள். அந்த நிலையில் ஈரம் பட்டாலே விரியும்.

டூப்ளெக்ஸில் ஃபெரைட் கூடுகிறது, அல்லது வெல்டு கண்ணாடி போல உடைகிறது

டூப்ளெக்ஸ் என்பது ஃபெரைட்டும் ஆஸ்டெனைட்டும் ஏறக்குறையப் பாதிப் பாதியாக உள்ள ஸ்டெயின்லெஸ். ஃபெரைட் 70 சதவீதத்தைத் தாண்டினால் வேகமாக ஆறியிருக்கிறது, அல்லது ஃபில்லர் இல்லாமல் உருக்கியிருக்கிறார்கள். 2209 ஃபில்லரை நிறையவே ஊட்டச் சொல்லுங்கள், ஆர்கானில் கொஞ்சம் நைட்ரஜன் சேருங்கள். உடைகிறது என்றால் மறுபக்கம், சூடு அதிக நேரம் நின்று சிக்மா என்ற நொறுங்கும் உள்ளமைப்பு வந்திருக்கிறது. இன்டர்பாஸ் (இரண்டு பாஸுக்கு இடையிலான சூடு) 150 டிகிரியைத் தாண்டியதா என்று பாருங்கள். வெப்ப உள்ளீட்டையும் கணக்கிடுங்கள்: 24 வோல்ட், 120 ஆம்பியர், நிமிடத்துக்கு 120 மி.மீ. வேகம் என்றால் மி.மீ.க்கு 1.44 கிலோஜூல், 2205 வகை டூப்ளெக்ஸுக்கு வசதியான எண். வேகம் 60க்கு இறங்கினால் 2.88, அது அதிகம்.

பழைய உலோகம் ராடை ஏற்க மறுக்கிறது

வருடக்கணக்கில் ஓடிய துண்டில் பீடு வைத்ததும் நுரைக்கிறது, ஓரம் விரிகிறது. அதன் மில் சான்றிதழை விட்டுவிட்டு அது என்னவெல்லாம் குடித்தது என்று விசாரியுங்கள். ஹைட்ரஜனிலோ ஈரமான சல்பைடிலோ இருந்த கலன் என்றால் வெல்டுக்கு முன் 300 டிகிரியை ஒட்டிச் சில மணி நேரம் சுட்டு ஹைட்ரஜனை விரட்ட வேண்டும். காஸ்டிக் ஓடியது என்றால் நன்றாகக் கழுவிய பிறகே சூடு. பிளவுகளில் மிச்சமிருக்கும் காஸ்டிக் சூட்டில் செறிந்து விரிசலை நீட்டும். சூளைக் குழாய் என்றால் ஒரு காந்தத்தை எடுங்கள். எச்கே40, எச்பி வகைக் குழாய்கள் புதிதில் காந்தத்தில் ஒட்டாது. உட்புறம் ஒட்டினால் கார்பன் ஏறியிருக்கிறது. வெளித்தோலில் ஆக்சிஜன் பட்டுக் குரோமியம் குறைந்த மெல்லிய படலமும் ஒட்டும், அதைக் கிரைண்ட் செய்துவிட்டுப் பாருங்கள். கார்பன் ஏறிய பகுதியை வெட்டி விலக்காமல் வெல்டு நிற்காது. மற்றபடி முதுமையால் மட்டும் நொறுங்கும் தன்மை வந்திருந்தால் 1100 டிகிரிக்கு மேல் சூடேற்றிக் கரைப்புச் சிகிச்சை செய்த பிறகு வெல்டு செய்யலாம்.

ஆர்க் ஒரு பக்கமாக ஓடுகிறது

குழாய் காந்தமாகியிருக்கிறது. காந்த முறைப்படி ஆய்வு செய்ததாலோ, காந்தத் தூக்கியாலோ இருக்கலாம். ரூட் விளிம்பில் காஸ் மீட்டரை (காந்தப்புலம் அளக்கும் கருவி) வையுங்கள். 20 காஸைத் தாண்டினால் டிக் ரூட் தகராறு செய்யும். வெல்டிங் கேபிளையே குழாயில் சில சுற்றுச் சுற்றி, எதிர்த் திசையில் புலம் வரும்படி மின்னோட்டம் விட்டால் பெரும்பாலும் அடங்கும்.

ஒரு சோதனையில் பாஸ், இன்னொன்றில் ஃபெயில்

ஃபிலிம் சுத்தம், யு.டி.யில் (மீயொலி ஆய்வு) நீளமான எதிரொலி. யாரை நம்புவது? யு.டி.யை. கதிர் வரும் திசைக்கு இணையாக இல்லாத மெல்லிய விரிசலும், பக்கச் சுவரில் ஒட்டாமல் விட்ட இடமும் ஃபிலிமில் நிழல் விடாது. ஆனால் அதே யு.டி. தடித்த ஸ்டெயின்லெஸ் வெல்டில் எதிரொலி காட்டினால் உடனே தோண்ட வேண்டாம். அங்கே பெரிய பெரிய தூண் மணிகள் ஒலிக்கற்றையை வளைத்துவிடும். அதே வெல்டு வகையில் செய்த மாதிரித் துண்டில் ஒப்பிட்ட பிறகே முடிவு.

எம்.பி.ஐ.யில் கார்பன் எஃகும் 309எல் ஸ்டெயின்லெஸ் வெல்டும் சேரும் எல்லையில் நேர்த்தியான கோடு, நீளம் முழுக்க. ஒரு பக்கம் காந்தமாகும், மறுபக்கம் ஆகாது; பொடி அந்த எல்லையில் தானாகவே குவியும். டிபி அடித்துப் பாருங்கள். அங்கே ஒன்றும் வராவிட்டால் அது விரிசல் இல்லை.

டிபி சுத்தம், ஆனால் கசிகிறது என்றால் டிபிக்கு முன் ஷாட் பிளாஸ்ட் செய்தார்களா என்று கேளுங்கள். பிளாஸ்டிங் விரிசலின் வாயை அடித்து மூடிவிடும், சாயம் உள்ளே போக வழியில்லை. அல்லது ஊடுருவும் சாயத்தைப் பத்து நிமிடம் ஊறவிடாமல், அடித்த கையோடு துடைத்திருப்பார்கள். துடைக்கும்போது கரைப்பானைத் துணியில் தெளிக்காமல் வெல்டின் மேலேயே நேராகத் தெளித்திருந்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிப் போயிருக்கும். லேசாகக் கிரைண்ட் செய்து, கரைப்பானால் துடைத்து, காயவைத்து, மறுபடி முதலிலிருந்து அடியுங்கள். டெவலப்பர் வெளுத்த பிறகு பத்து நிமிடம் அங்கேயே நின்று பாருங்கள். மெல்லிய விரிசலின் சாயம் வெளியே வர அவ்வளவு நேரம் பிடிக்கும்.